நகத்தில் இடறும் கீறல்

நானே கட்டிய சிறு விமானத்தின் எலிவேட்டரில், மேல்தகட்டின் பின்விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. எலிவேட்டர் என்றதும் மாடிக்குப் போகும் லிஃப்டை நினைத்துக்கொள்ள வேண்டாம்; விமானத்தின் வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகை அது. தழும்பின் நீளம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கும் காற்றுச் சுத்தியல், அதாவது ரிவெட் கன், ஒரு கணம் நழுவியதில் விழுந்தது. இப்படி விழும் அடையாளத்தை வீட்டில் விமானம் கட்டுபவர்கள் ‘ஸ்மைலி’ என்கிறார்கள். ரிவெட் தலைக்குப் பக்கத்தில் தகடு சிரிக்கிறதாம். அன்றைக்கு நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

கம்ப்ரசரை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே எலிவேட்டரில் அதுவரை முந்நூறுக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளை ஒழுங்காக அடித்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பிறைதான் முன்னால் வந்து நின்றது. அது விழ எடுத்துக்கொண்ட நேரம் அரை நொடி. சரிசெய்வதா, விடுவதா என்று முடிவெடுக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது.

உடனே கைவைக்காததற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே சூடுபட்ட பூனை நான்.

அதற்கு முன், மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் பலகையான சுக்கானைச் செய்தபோது ஒரு ரிவெட் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. விமான ரிவெட் என்பது சிறிய அலுமினிய ஆணி. ஒரு பக்கத்துத் தலை ஆலையிலேயே உருவாகி வருகிறது; மறுபக்கத்துத் தலையை நாம் அடித்துத் தட்டையாக்கி உருவாக்க வேண்டும். அந்தத் தலை, தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும், விட்டத்தில் பாதி உயரமும் இருந்தால் சரி. 3/32 அங்குல ரிவெட், அதாவது ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் தண்டு என்றால், 3.6 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் உயரம். என்னுடையதை அளந்து பார்த்தேன், அளவு சரியாகவே இருந்தது. ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அதுவும் உள்பக்கம், மூடிவிட்டால் எவர் கண்ணிலும் படப்போவதில்லை. இருந்தும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ரிவெட்டை எடுப்பது இப்படி: வெளிப்பக்கத் தலையின் நட்டநடுவில் துளைப்பானை வைத்து, தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைக்க வேண்டும். பிறகு அந்தத் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு நெம்பினால் தலை ஒடிந்து வரும். பின்பக்கம் மரக்கட்டை வைத்துத் தாங்கிக்கொண்டு தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். சொல்லும்போது சுலபம். என் துளைப்பான் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடியது. வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமானது. அந்த முட்டைத் துளையில் புது ரிவெட்டை அடித்தேன். அது முன்னதைவிடச் சாய்ந்தது. மறுபடியும் எடுத்தேன். இந்த முறை தகட்டின் விளிம்பு வளைந்துவிட்டது. விளிம்பைத் தட்டி நிமிர்த்தப் போனதில் பக்கத்து ரிவெட் தளர்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூட முழுதாக வரவில்லை.

இப்படி அகன்றுபோன துளைகளுக்கென்றே ஒரு ரிவெட் உண்டு. தண்டு ஒரு படி பருமன். தலை மட்டும் பழைய குழிக்குள் அடங்கும் அளவில் சிறியது. கட்டுபவர்கள் அதை ‘ஊப்ஸ் ரிவெட்’ என்று அழைக்கிறார்கள். நான் டப்பாவில் ‘ஐயோ ரிவெட்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் அதுவும் எல்லா இடத்துக்கும் உதவாது. துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை, ரிவெட்டின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு இடமாவது இருக்க வேண்டும் என்பது பாலபாடம். ரிவெட் பருத்தால் நேற்று வரை போதுமானதாக இருந்த விளிம்பு இன்று போதாமல் போகிறது. அழகில்லாத, ஆனால் உறுதியான ஒரு ரிவெட்டை எடுத்துவிட்டு, அழகும் உறுதியும் இல்லாத இரண்டை அங்கே வைத்தேன். கடைசியில் அந்தச் சட்டத்தையே புதிதாக வாங்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே எலிவேட்டரில் பிறை விழுந்ததும் கருவியைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வாழ்நாள் முழுக்க விமானங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன்.

வந்தவர் பிறையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “கண்ணை மூடிக்கொள், தம்பி” என்றார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தைத் தகட்டின் மேல் செங்குத்தாக வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். நகம் ஒரு ரிவெட் தலையைத் தாண்டியது. ஒரு பள்ளத்தில் வழுக்கி இறங்கி ஏறியது. அது பிறை என்று தெரிந்தது. எங்கும் இடறவில்லை. அவர் நிறுத்தவில்லை, இன்னும் முழ நீளம் இழுத்தார். திடீரென்று நகம் நின்றது.

கண்ணைத் திறந்து பார்த்தேன், எதுவும் தெரியவில்லை. விளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்த பிறகுதான், ஒரு முடி விழுந்து கிடப்பதைப் போல் ஒரு கோடு தெரிந்தது. தகடுகள் வரும்போது கீறல் படாமல் இருக்க அவற்றின் மேல் நீல நிற பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ரிவெட் வரிசைகள் வரும் இடங்களில் மட்டும் அதைக் கீற்றாக உரித்தெடுப்பது வழக்கம். அதற்குச் சாலிடரிங் இரும்பின் முனையை மழுக்கி, அந்தச் சூட்டில் தாளை உருக்கி வெட்ட வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் நான் கத்தியை எடுத்திருந்தேன்.

“அண்ணா, இதை நான் பார்க்கவே இல்லையே!”

“நீதான் பத்து நாளாக அந்தப் பிறையைப் பார்த்துக்கொண்டிருந்தாயே” என்றார்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான உலோக விமானங்களின் தகடு 2024-டி3 என்ற அலுமினியக் கலவை. அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் செம்பு கலந்திருக்கும். செம்பு வலிமையைக் கொடுக்கிறது. கூடவே அரிப்புக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. அதனால் தகட்டின் இருபுறமும் ஏறக்குறையத் தூய அலுமினியத்தாலான ஒரு மெல்லிய போர்வையை ஆலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். மெல்லிய தகடுகளில் அந்தப் போர்வை ஒவ்வொரு புறமும் மொத்தத் தடிப்பில் 5 சதவீதம். என் எலிவேட்டர் தகட்டின் தடிப்பு 0.4 மில்லிமீட்டர். அப்படியானால் போர்வை 0.02 மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிப்பில் பாதிகூட இல்லை. நகம் இடறும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்தப் போர்வை கிழிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அரிப்பைக்கூடப் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசிச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் கீறலின் அடிப்பாகத்தின் வடிவத்தில் இருக்கிறது. என் பிறை ஒரு தட்டு. அதன் அடி வழவழப்பாக வளைந்திருக்கிறது. கத்திக் கீறலின் அடியோ கூர்மையானது. தகடு இழுபடும்போது விசை முழுவதும் அந்தக் கூரில் வந்து குவியும். பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கையால் இழுத்தால் கிழியாது. ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று இருந்தால் குழந்தைகூடக் கிழித்துவிடும். அதே கதைதான் இங்கேயும். வித்தியாசம் என்னவென்றால், விமானத் தகடு ஒரே இழுப்பில் கிழியாது. ஆயிரக்கணக்கான முறை சிறிது சிறிதாக இழுபட்டுத் தளரும்போது, கீறலின் அடியிலிருந்து வெடிப்பு வளர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு காலம் வளரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. எழுதவே கை தயங்குகிறது. 1980இல் சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று ஹாங்காங்கில் தரையிறங்கியபோது வால் தரையில் உராய்ந்தது. அடிப்பக்கத் தகட்டில் நீளநீளமான கீறல்கள். சேதமான தகட்டை முறைப்படி வெட்டி நீக்காமல், கீறல்களை அப்படியே விட்டு, மேலே இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் அடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வேலை சுத்தம். பூசி மெழுகுவது என்று நாம் சொல்வோமே, அதை அலுமினியத்தில் செய்தால் இப்படித்தான் இருக்கும். அந்த ஒட்டுக்கு அடியில், எவர் கண்ணுக்கும் எட்டாமல், வெடிப்பு 22 ஆண்டுகள் வளர்ந்தது. 2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங் புறப்பட்ட அந்த விமானம் பெங்ஹு தீவுகளுக்கு அருகில் நடுவானில் உடைந்தது. அதில் இருந்த 225 பேரும் இறந்தார்கள்.

அது பல நூறு டன் எடையுள்ள, கேபினில் காற்றழுத்தம் ஏற்றப்படும் விமானம். என்னுடையது இருவர் உட்காரும் சிறு பூச்சி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கீறலுக்கு மேல் மூடி போட்டால் அது மறையும், ஆறாது என்பதற்காகத்தான் சொன்னேன். இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு: சில பயணிகள் விமானங்களுக்குப் புதிதாக வண்ணம் பூசத் தயார்செய்தபோது, இணைப்புகளின் இடைவெளியை அடைக்கும் பழைய பசையை, அதாவது சீலன்டை, கூர்மையான கருவிகளால் சுரண்டியிருக்கிறார்கள். அந்தச் சுரண்டல் கோடுகளிலிருந்து வெடிப்புகள் கிளம்பியது பின்னால்தான் தெரியவந்தது. அழகுபடுத்தப் போன கைதான் கீறியது.

அண்ணன் சொன்னபடி என் கீறலைச் சரிசெய்தேன். 400ஆம் எண் உப்புத்தாள், அடுத்து 600. கீறலின் குறுக்கே தேய்க்காமல் அதன் நீளவாக்கிலேயே தேய்த்து, கூர்மையான பள்ளத்தை அகலமான, ஆழமற்ற தாம்பாளம்போல் ஆக்க வேண்டும். நகம் இடறாமல் வழுக்கும் வரை. பிறகு தடிப்பை அளந்து, எவ்வளவு உலோகம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிரைமர் பூச வேண்டும், போர்வைதான் போய்விட்டதே. அரை மணி நேர வேலை. முடித்துவிட்டுப் பார்த்தால் கண்ணாடிபோல் இருந்த தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒரு திட்டு. கண்ணுக்கே தெரியாத ஒன்றைச் சரிசெய்ததில் விமானம் முன்பைவிட அசிங்கமானது. எனக்கு ஏனோ அது பிடித்திருந்தது.

பிறை மட்டும் மிச்சம்.

பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வண்ணம் அடித்துவிட்டால் காணாமல் போய்விடும். கார்களுக்கு அதைத்தானே செய்கிறார்கள். ஆனால் எலிவேட்டருக்கு ஒரு தனிக்கணக்கு இருக்கிறது. அது கீலில் தொங்கும் பலகை. கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைத்து, பின்னால் உள்ள எடையைச் சமன்செய்திருப்பார்கள். பின்பக்கம் எடை கூடக் கூட, வேகமாகப் பறக்கும்போது பலகை தானாகவே படபடக்கத் தொடங்கும் அபாயம் கூடுகிறது. ஃபிளட்டர் என்று பெயர். தொடங்கிவிட்டால் வாலைப் பிய்த்தெறிய அதற்குச் சில நொடிகள் போதும். பட்டியும் வண்ணமும் சேர்வது பெரும்பாலும் கீலுக்குப் பின்னால்தான். ஒரு பிறைக்கு வைக்கும் பட்டி சில கிராம்கள்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டி வைக்கும் கை ஒரு பிறையோடு நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒன்றை மூடினால் அடுத்தது தெரியும், அதை மூடினால் ரிவெட் வரிசையே மேடுபள்ளமாகத் தெரியும். கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு விமானம் கட்டுபவர்களைக் கேட்டால் இந்தக் கதையை நாள் முழுக்கச் சொல்வார்கள். அவர்களுடைய மாதங்கள் பூசுவதிலும் தேய்ப்பதிலும் கழிகின்றன.

அப்படியென்றால் மேற்பரப்பின் வழவழப்பு வெறும் அலங்காரமா? இல்லை. எங்கே என்பதைப் பொறுத்தது. பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரிஈசி, லாங்-ஈசி விமானங்களில் வாலுக்குப் பதில் மூக்கின் அருகே ஒரு சிறு இறக்கை உண்டு. ஆரம்பத்தில் அதற்குக் கொடுத்திருந்த குறுக்குவெட்டு வடிவம், மழைத்துளிகள் படிந்தாலே ஏற்றுவிசையில் கொஞ்சம் இழந்துவிடும். விமானி குச்சியைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்க வேண்டும். ஜான் ரான்ஸ் வடிவமைத்த வேறொரு வடிவம் பின்னர் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நீர்த்துளிக்கே அந்தப் பாடு என்றால், அத்தகைய இறக்கையின் முன்விளிம்பில் ஒரு மேடு இருந்தால் அதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. என் பிறை இருப்பதோ வாலின் பின்பாதியில். காற்று அங்கே வந்து சேர்வதற்குள் மூக்கையும் இறக்கையையும் உடம்பையும் தடவிக் கலங்கிப்போயிருக்கும். அதற்கு என் பிறை ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு இடமும் உண்டு: கேனபி, அதாவது தலைக்கு மேல் வரும் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் மூடி. அதில் விழும் ஒரு புள்ளியைச் சின்னக் குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வானத்தில் இன்னொரு விமானம் நம்மோடு மோதும் பாதையில் வந்துகொண்டிருந்தால் அது எப்படித் தெரியும்? இடமோ வலமோ நகராது. கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்ட புள்ளியாக நின்று, கடைசி நேரத்தில்தான் பெரிதாகும். நகரும் விமானம் கடந்துபோய்விடும். நகராத புள்ளிதான் ஆபத்து. விமானியின் கண்மட்டத்தில் கேனபியில் ஒரு நிரந்தரப் புள்ளி இருந்தால், நாளடைவில் நகராத புள்ளிகளைப் பொருட்படுத்தாமல் இருக்க அவர் கண் பழகிக்கொள்ளும். கேனபியின் பின்பக்கம் இருந்த மூன்று கீறல்களை விட்டுவிட்டேன். முன்பக்கம் இருந்த ஊசிமுனையளவு புள்ளி ஒன்றைத் தேய்த்து மெருகேற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவானது.

போட்டிக்காகக் கட்டுபவர்களை நான் குறைசொல்லவில்லை. அமெரிக்காவின் ஆஷ்காஷில் ஆண்டுதோறும் நடக்கும் விமானத் திருவிழாவில் வீட்டில் கட்டிய விமானங்களுக்கு ‘லிண்டி’ விருதுகள் தருகிறார்கள். அங்கே வரிசையாக நிற்கும் சில விமானங்களின் படங்களைப் பார்த்தால், இவர்கள் தூங்குவதே இல்லையோ என்று தோன்றும். எதிர்ப்பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். மனிதக் கால்வலிமையால் பறந்து 1977 ஆகஸ்ட் 23 அன்று கிரெமர் பரிசை வென்ற காசமர் காண்டர், அலுமினியக் குழாய்களின் மேல் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒரு பூதக் கூடாரம். அதை உருவாக்கிய பால் மெக்கிரெடி, உடைந்தால் விரைவில் ஒட்டவைத்துவிட்டு மறுபடி பறக்க முடிய வேண்டும் என்ற கணக்கோடுதான் வடிவமைத்தார். அது பலமுறை உடைந்தது, ஒட்டினார்கள், பறந்தது. என் மனம் அந்தக் கூடாரத்தின் பக்கம் சாய்கிறது. என் கண் லிண்டி வரிசையின் பக்கம் சாய்கிறது. இரண்டும் ஒரே தலையில் இருப்பதுதான் தொல்லை.

பதினோராம் நாள், விடுவது என்று முடிவெடுத்தேன். பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, புகைப்படம் ஒட்டி, ‘எலிவேட்டர் மேல்தகடு, ஸ்மைலி, வளைந்த அடி, நகம் இடறவில்லை, விடப்பட்டது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு முந்தைய பக்கங்களைப் புரட்டியபோது வயிற்றில் ஏதோ புரண்டது. கீல் தாங்கியின் இரண்டு போல்ட்டுகளுக்கு நேரே ‘இறுக்கியது’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டையும் விரலால் திருகியதோடு விட்டிருந்தேன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் குறடால் இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பக்கத்திலும் சேர்த்து ஒரு கோடு ஆரஞ்சு வண்ணம் இழுப்பேன். நட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அந்த இரண்டின் மேலும் கோடு இல்லை. தேதியைப் பார்த்தால் பிறை விழுந்த அன்று மாலை. அன்று அந்த வேலையின் நடுவில்தான் எழுந்துபோய் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பறப்பதற்கு முன் எத்தனையோ பரிசோதனைகள் இருக்கின்றன, எப்படியும் அகப்பட்டிருக்கும் என்று அண்ணன் தேற்றினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்ணம் அடிக்க வந்தவர் கார்களில் கைதேர்ந்தவர். பிறையைப் பார்த்ததும் அவர் கை தானாகப் பட்டி டப்பாவை நோக்கிப் போனது. “சார், இதுக்கு மட்டும் வைத்துவிடட்டுமா? ஐந்து நிமிட வேலை” என்றார். வேண்டாம் என்றேன். தன் தொழிலை நான் அவமதித்துவிட்டதைப் போல ஒரு பார்வை பார்த்தார். வெள்ளை வண்ணம் காய்ந்து பளபளத்தபோது பிறை முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. எலிவேட்டரைக் கழற்றி மறுபடி சமநிலை பார்த்தோம். வண்ணத்தின் எடைக்கு ஈடாக முன்பக்கம் கொஞ்சம் ஈயம் சேர்க்க வேண்டியிருந்தது. பார்க்க வருபவர்கள் நேராக அங்கேதான் விரலை வைக்கிறார்கள். “இது என்ன?” என்கிறார்கள். “சிரிக்கிறது” என்கிறேன்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். விமானி ஏறும் பக்கம், உடம்பின் தகட்டில் ஒரு சொட்டை இருந்தது. என் கையிலிருந்து குறடு விழுந்ததால் வந்தது. வளைந்த அடி, நகம் இடறவில்லை, கீல் கிடையாது, காற்றுக்கும் பொருட்டில்லை. மேலே எழுதிய எல்லாக் கணக்கின்படியும் அதை விட்டிருக்க வேண்டும். வண்ணக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய டப்பாவைத் திறந்து நானே பட்டி வைத்துவிட்டேன். தேய்த்து முடித்ததும், கலந்தது எவ்வளவு, மிஞ்சியதும் தேய்ந்ததும் எவ்வளவு என்று தராசில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். தகட்டில் தங்கியது 11 கிராம். பதிவேட்டில் தேதியும் இடமும் எடையும் எழுதியிருக்கிறேன். ‘காரணம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.